கண்களைச் சுற்றி ஏற்படும் வீக்கம்: காரணங்கள், நோயறிதல், சிகிச்சை

விருதுநகர் மாவட்ட மக்களுக்கும், பட்டாசு மற்றும் தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்கும் உரிய விளக்கம்

பொது விளக்கம்

கண்ணிமைகளிலும் கண்குழியைச் சூழ்ந்துள்ள மென்மையான திசுக்களிலும் நீரோ இரத்தமோ அழற்சிக் கசிவோ தேங்கும்போது கண்ணைச் சுற்றி வீக்கம் தோன்றுகிறது. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோலாகும். அதன் கீழுள்ள திசு தளர்ந்த அமைப்புடையது. ஆகவே உடலின் பிற பகுதிகளில் புலப்படாத சிறிய நீர்த்தேக்கமும் இமைகளில் முதலில் வெளிப்படும். இரவில் படுத்திருக்கும்போது நீர் முகப்பகுதியில் தங்குவதால், இத்தகைய வீக்கம் காலையில் மிகுந்தும் எழுந்து நடமாடிய பின் குறைந்தும் காணப்படும்.

இது தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியாகும். சில நாள்களில் தானே ஆறிவிடும் கண்கட்டி முதல், சிறுநீரக நோய், பார்வையைப் பறிக்கக்கூடிய தொற்று, வெடிவிபத்துக் காயம் வரை இதற்குக் காரணமாக அமையலாம்.

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் பெருமளவில் நடைபெறுகின்றன. இவ்வட்டாரத்தில் கண் வீங்கினால், "தூசி விழுந்திருக்கும்", "சூட்டினால் வந்திருக்கும்" என்று எண்ணுவது இயல்பு. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆயினும் அந்த எண்ணத்தால் காலம் தாழ்ந்தால் பெருந்தீங்கு அடையக்கூடியோர் இருவகையினர் ஆவர். கண்ணில் வேதிப்பொருளோ வெடித்துகளோ பட்ட தொழிலாளர்கள் ஒரு வகையினர். நாள்தோறும் காலையில் இமைகள் வீங்கி எழும் சிறு குழந்தைகள் மற்றொரு வகையினர். எந்த வீக்கத்தை வீட்டில் வைத்துக் கவனிக்கலாம், எதை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும், எதற்கு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பினும், இரவு நேரமாயினும் காத்திராமல் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தேவையெனில் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

- கண்ணில் வேதிப்பொருள், சுண்ணாம்பு அல்லது வெடிக்கலவை பட்டிருத்தல் (முதலில் நீரால் கழுவிய பின் புறப்பட வேண்டும்)
- வெடி, தீ அல்லது அடியினால் வீக்கம் ஏற்பட்டு, கண்ணைத் திறக்க இயலாமை
- பார்வை மங்குதல் அல்லது ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல்
- கண்ணை அசைக்கும்போது வலி, அல்லது கண் வெளியே துருத்தி நிற்றல்
- இமை சிவந்து வீங்குவதுடன் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, சோர்வு
- இமையுடன் உதடு, நாக்கு ஆகியனவும் வீங்குதல், மூச்சுத்திணறல், குரல் கம்முதல்
- கர்ப்பிணிப் பெண்ணுக்கு முகவீக்கத்துடன் தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது போன்ற தோற்றம், மேல்வயிற்று வலி
- குழந்தைக்கு முகவீக்கத்துடன் சிறுநீர் குறைதல், சிறுநீர் கறுத்துப் போதல், வலிப்பு

காரணங்கள்

காரணத்தை ஆராயும்போது முதலில் கவனிக்க வேண்டியது, வீக்கம் ஒரு கண்ணிலா, இரு கண்களிலுமா என்பதாகும். ஒரு கண்ணில் மட்டும் வீக்கம் இருப்பின், அக்கண்ணையோ அதன் அருகிலுள்ள பகுதியையோ சார்ந்த நோயாக இருத்தல் கூடும். இரு கண்களிலும் வலியின்றி வீக்கம் இருப்பின், ஒவ்வாமையையோ உடலின் உள்ளுறுப்பு நோயையோ ஐயுற வேண்டும்.

1. இமையில் தோன்றும் நோய்கள்

கண்கட்டி: இமை ஓரத்திலுள்ள சுரப்பியில் கிருமித்தொற்று ஏற்படுவதால் சிவந்த, வலியுள்ள சிறு கட்டி தோன்றும். பெரும்பாலும் ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஆறிவிடும்.

இமைக்கொழுப்புக் கட்டி: இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைபடுவதால் வலியற்ற, கெட்டியான உருண்டை தோன்றும். இது கரைவதற்குப் பல வாரங்கள் ஆகலாம்.

இமை ஓர அழற்சி: இமை மயிர்களின் அடியில் செதில் படிந்து, அரிப்பும் எரிச்சலும் நீடிக்கும். கண்கட்டி அடிக்கடி வருவோரிடம் இது காணப்படலாம்.

விழிவெண்படல அழற்சி: பொதுமக்கள் "மெட்ராஸ் ஐ" என்று அழைக்கும் கண்நோய் இதுவே. கண் சிவத்தல், நீர் வடிதல், பீளை தள்ளுதல் ஆகியவற்றுடன் இமைகளும் வீங்கும். கைகள், துண்டு, தலையணை உறை ஆகியவற்றின் வழியே பிறருக்குப் பரவும்.

2. ஒவ்வாமை

இரு கண்களிலும் அரிப்பு, நீர் வடிதல், தும்மல் ஆகியவற்றுடன் வீக்கம் ஏற்படுவது தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். கண்மை, தலைச்சாயம், பூச்சிக்கடி ஆகியவற்றாலும் இமை வீங்கும். வலிநிவாரணி மாத்திரைகள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். இரத்த அழுத்தத்திற்கு வழங்கப்படும் எனலாபிரில் வகை மாத்திரைகள், உட்கொள்ளத் தொடங்கிப் பல மாதங்கள் கழிந்த பின்னும் சிலருக்கு இமை, உதடு, நாக்கு ஆகியவற்றில் வீக்கத்தை ஏற்படுத்தக்கூடும்.

3. தொற்று நோய்கள்

இமைத்தோல் தொற்று: கீறல், பூச்சிக்கடி, கண்கட்டி ஆகியவற்றின் வழியே கிருமி நுழைந்து இமை முழுவதும் சிவந்து வீங்கும். கண் அசைவும் பார்வையும் இயல்பாகவே இருக்கும்.

கண்குழித் தொற்று: தொற்று, கண்ணுக்குப் பின்னுள்ள கண்குழித் திசுவை அடைவதாகும். குழந்தைகளிடம் பெரும்பாலும் மூக்கை அடுத்த காற்றறைகளில் ஏற்படும் சைனஸ் தொற்றிலிருந்து இது பரவுகிறது. கண்ணை அசைத்தால் வலி, கண் துருத்துதல், பார்வைக் குறைவு, காய்ச்சல் ஆகியன இதன் அடையாளங்கள். சிகிச்சை தாமதித்தால் பார்வை இழப்பும் மூளைக்குத் தொற்று பரவுதலும் நேரலாம்.

கருப்புப் பூஞ்சை நோய்: கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு பக்க முகவலி, மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கருநிறக் கசிவு ஆகியவற்றுடன் இமை வீங்கினால் இந்நோயை ஐயுற வேண்டும். 2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது இந்நோய் நாடெங்கும் பலரைத் தாக்கியது.

அக்கி: நெற்றியின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் கூடிய கொப்புளங்கள் தோன்றி, அப்பக்கத்து இமை வீங்கும். மூக்கு நுனியிலும் கொப்புளம் இருப்பின் கண்ணின் உட்பகுதியும் பாதிக்கப்பட வாய்ப்பு மிகுதி. அக்கி எழுதுவதற்காகக் காத்திருக்கும் நாள்கள் சிகிச்சைக்குரிய நாள்களாகும். வைரசு எதிர்ப்பு மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவதே சிறந்த பயன் தரும்.

கண்ணீர்ப்பைத் தொற்று: மூக்கை ஒட்டிய கண் மூலையில் வலியுடன் வீக்கம் தோன்றும். பச்சிளங்குழந்தைகளுக்குக் கண்ணீர்க் குழாய் அடைப்பினால் கண்ணில் எப்போதும் நீர் தேங்கி நிற்கலாம்.

4. உள்ளுறுப்பு நோய்கள்

சிறுநீரக நோய்: குழந்தைகளுக்குக் காலையில் இரு இமைகளும் வலியின்றி வீங்கினால், முதலில் எண்ண வேண்டிய நோய் இதுவே. இது இரு வடிவங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது.

முதலாவது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் ஆகும். பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வழியே புரதம் வெளியேறிவிடுவதால் உடலில் நீர் தேங்குகிறது. முதலில் இமை, பின்னர் வயிறு, கால், பிறப்புறுப்பு என வீக்கம் பரவும். சிறுநீர் மிகுதியாக நுரைக்கும். அரிப்பும் சிவப்பும் இல்லாதிருந்தும் இதனைக் கண் ஒவ்வாமை என்று கருதிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே நாள்கள் கழிவதுண்டு.

இரண்டாவது, தொண்டைப்புண் அல்லது சீழ்பிடித்த சிரங்கு வந்து ஒன்று முதல் ஆறு வாரங்களுக்குள் ஏற்படும் சிறுநீரக அழற்சியாகும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் கழியும், அளவு குறையும், இரத்த அழுத்தம் உயரும். அழுத்தம் மிகுந்தால் வலிப்பு வரக்கூடும்.

தைராய்டு நோய்: தைராய்டு சுரப்பு குறைந்தால் முகம் உப்பி, உடல் எடை கூடி, சோர்வும் மலச்சிக்கலும் உண்டாகும். சுரப்பு மிகுந்தோருக்கு இமை வீங்குவதுடன் கண்கள் வெளியே துருத்தித் தோன்றலாம்.

பிற காரணங்கள்: இதய நோய், கல்லீரல் நோய், கடும் ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் வீக்கம் வரும். இதய நோயில் பெரும்பாலும் கால்களே முதலில் வீங்கும். கர்ப்பகாலத்தின் பிற்பாதியில் திடீரென முகம் வீங்குவது, உயர் இரத்த அழுத்தத்தால் வரும் கர்ப்பகால நச்சுநிலையின் எச்சரிக்கையாக இருக்கலாம்.

5. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் சார்ந்த காரணங்கள்

தூசி உறுத்தல்: பட்டாசுத் தயாரிப்பில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, கரித்தூள் முதலியன பயன்படுகின்றன. நுண்ணிய பொடி கண்ணில் படும்போது உறுத்தலும் நீர் வடிதலும் ஏற்படும். அந்நிலையில் கண்ணைக் கசக்குவதால்தான் பெரும்பாலும் இமை வீங்குகிறது. கருவிழியில் கீறலும் விழுகிறது.

தொடு ஒவ்வாமை: கைத்தோல் தடிமனானது, இமைத்தோல் மெல்லியது. ஆதலால் கையில் படிந்த பொருள் கையில் யாதொரு தீங்கும் காட்டாமல், முகத்தைத் துடைக்கும்போது இமையில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கலாம். தீக்குச்சி முனைக் கலவையில் சேர்க்கப்படும் டைகுரோமேட் உப்பு, அச்சு மை, கரைப்பான்கள், பசை ஆகியன இவ்வாறு ஒவ்வாமை தரக்கூடியவை. விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் தோன்றும் வீக்கம் இதற்குரிய அடையாளமாகும்.

வேதிக்காயம்: அமிலத்தைக் காட்டிலும் காரப்பொருள் கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும். வீட்டில் வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் வைத்திருக்கும் சுண்ணாம்பு இத்தகைய காரப்பொருளே. இதன் துகள் மேலிமையின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, தொடர்ந்து கருவிழியை அரித்துக்கொண்டிருக்கும்.

வெடிக்காயமும் தீக்காயமும்: வெடிவிபத்தில் அதிர்வு, வெப்பம், பறக்கும் துகள், வேதிப்பொருள் ஆகிய நான்கும் ஒரே கணத்தில் கண்ணைத் தாக்குகின்றன. இமை வீங்கி மூடிக்கொள்வதால் உள்ளே விழிக்கோளம் கிழிந்திருப்பினும் வெளியே தெரியாது. முகத்தில் தீக்காயம் பட்டோருக்கு வீக்கம் முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை மிகுந்துகொண்டே செல்லும். எனவே முதல் சில மணி நேரத்திலேயே, இமைகள் முற்றிலும் மூடிக்கொள்வதற்கு முன், கண் பரிசோதிக்கப்பட வேண்டும். புருவமும் மூக்கு மயிரும் கருகியிருத்தல், குரல் கம்முதல், எச்சிலில் கரி தென்படுதல் ஆகியன மூச்சுக்குழாயும் வீங்கி வருவதைக் காட்டும் உயிர் ஆபத்தான அடையாளங்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில், ஆலைத் தொழிலாளர்கள் மட்டுமன்றி, விபத்தைக் கண்டு அங்கு ஓடிச்சென்ற ஊர்மக்களும் உயிரிழந்தனர். முதல் வெடிப்பைத் தொடர்ந்து மேலும் வெடிப்புகள் நிகழக்கூடும். ஆகவே தீயணைப்புத் துறையினர் அனுமதிக்கும் வரை எவரும் அருகில் செல்லலாகாது. வெளியேறி வந்தோருக்கு முதலுதவி செய்வதே உற்றார் ஆற்றக்கூடிய உதவியாகும்.

6. வீக்கம் போலத் தோன்றும் பிற நிலைகள்

இமை வீங்காமல் கனத்துத் தொங்குவதும் உண்டு. இரவில் தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலியுடன் எழுந்து, இமைகளைத் திறக்க இயலாமல் தவித்தால் கட்டுவிரியன் பாம்புக்கடியை ஐயுற வேண்டும். கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். உடனே பாம்புக்கடி நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரு பக்க முகம் கோணுதல், கை கால் தளர்தல் ஆகியவற்றுடன் இமை தொங்கினால் அது பக்கவாதமாக இருக்கலாம். முதுமையில் கீழிமை பைபோலத் தொங்குவது திசுத் தளர்ச்சியால் வருவது, அதனால் தீங்கில்லை.

முதலுதவி

வேதிப்பொருள் அல்லது பொடி பட்டால்:

1. முகத்திலும் இமையிலும் படிந்துள்ள உலர்ந்த பொடியை மென்மையான துணியால் முதலில் தட்டி அகற்றவும். கண்ணைக் கசக்க வேண்டாம்.
2. உடனே குழாய் நீரையோ கிடைக்கும் தூய நீரையோ கொண்டு, இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்தபடி, குறைந்தது 20 முதல் 30 நிமிடங்கள் இடைவிடாது கழுவவும். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்புறமாக இருக்கும்படி தலையைச் சாய்த்தால் கழிவுநீர் மறு கண்ணில் படாது.
3. கழுவும்போது கண்ணை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்கச் சொல்லவும்.
4. எதிர்வினைப் பொருள் என்று கருதி எலுமிச்சைச் சாறு, மோர், பால் முதலியவற்றை ஊற்ற வேண்டாம்.
5. கழுவிய பின் வலி குறைந்திருப்பினும் மருத்துவரிடம் காட்டவும். காரக்காயத்தில் முதலில் வலி குறைவாகவே இருக்கலாம்.

இங்கு நேரமே மருந்தாகும். மருத்துவமனை அருகிலிருந்தாலும் பட்ட இடத்திலேயே கழுவத் தொடங்க வேண்டும்.

வெடி அல்லது கூரிய பொருளால் காயம் பட்டால்:

1. மூடிய இமைகளை வலிந்து திறக்க வேண்டாம். கண்ணை அழுத்த வேண்டாம்.
2. குத்தி நிற்கும் பொருளை எடுக்க வேண்டாம்.
3. காகிதக் குவளையின் அடிப்பகுதியைக் கண்ணைத் தொடாதவாறு கவிழ்த்து, எலும்பின் மேல் பொருந்தும்படி ஒட்டவும். பஞ்சு வைத்து இறுக்கிக் கட்ட வேண்டாம்.
4. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம்.
5. தலையை உயர்த்தியபடி கொண்டு செல்லவும்.

நோயறிதல்

மருத்துவர் முதலில் வீக்கத்தின் வரலாற்றைக் கேட்டறிவார். எப்போது தொடங்கியது, காலையில் மிகுகிறதா, வலி, அரிப்பு, காய்ச்சல் உண்டா, என்னென்ன மாத்திரைகள் உட்கொள்ளப்படுகின்றன, என்ன வேலை செய்கிறார் என்பன முதன்மையான வினாக்கள்.

இங்கு ஒரு சொல்லைக் குறித்துக் கவனம் தேவை. பட்டாசுத் தொழிலில் "மருந்து" என்ற சொல் வெடிக்கலவையையே குறிக்கும். "கண்ணில் மருந்து பட்டுவிட்டது" என்று மட்டும் கூறினால், வெளியூரிலிருந்து வந்த மருத்துவரோ செவிலியரோ அதனைச் சொட்டு மருந்து எனப் பொருள் கொள்ள நேரலாம். "வெடி மருந்து பட்டது" என்றும், இயன்றால் அலுமினியப் பொடியா, கந்தகமா, மணி மருந்தா என்றும் தெளிவாகக் கூற வேண்டும். விபத்து வீட்டிலோ உரிமம் பெறாத இடத்திலோ நேர்ந்திருப்பினும் உண்மையை மறைக்க வேண்டாம். "அடுப்பில் பட்டது" என்று மாற்றிக் கூறினால், தேடி எடுக்க வேண்டிய துகளை மருத்துவர் தேடாமல் விட நேரிடும். விபத்துக் காயங்களைச் சட்டப்படி மருத்துவமனை பதிவு செய்யும். அதன் பொருட்டு எவருக்கும் அவசர சிகிச்சை மறுக்கப்படாது.

அதன் பின் தேவைக்கேற்பப் பின்வரும் பரிசோதனைகள் செய்யப்படும்.

- பார்வைத்திறன் சோதனை, கண் அசைவு மற்றும் கண்மணிச் சோதனை
- ஸ்லிட் லாம்ப் கருவியால் கண்ணைப் பெரிதாக்கிக் காணுதல். கருவிழிக் கீறலைக் காட்டும் மஞ்சள் சாயச் சோதனை. மேலிமையைப் புரட்டித் துகள் உள்ளதா எனக் காணுதல்
- இரத்த அழுத்தம் அளத்தல்
- சிறுநீரில் புரதம், இரத்தம் உள்ளதா எனக் காணுதல். இது எளிய, சில நிமிடங்களில் முடியும் சோதனை
- இரத்தத்தில் அல்புமின், கிரியேட்டினின், சர்க்கரை, தைராய்டு அளவுகள்
- கண்குழித் தொற்றையோ கண்ணுக்குள் துகளையோ ஐயுற்றால் சி.டி. ஸ்கேன். உலோகத் துகள் இருக்கக்கூடும் எனில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தவிர்க்கப்படும், காந்தப்புலம் இரும்புத் துகளை நகர்த்திவிடும் என்பதே காரணம்.

சிகிச்சை

சிகிச்சை காரணத்தைப் பொறுத்து அமையும். வீக்கத்தை மட்டும் குறைக்கும் பொதுவான மருந்து எதுவும் இல்லை.

கண்கட்டி, இமைக்கொழுப்புக் கட்டி: கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியால் 10 நிமிடம், நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை ஒத்தடம் கொடுக்கவும். கட்டியைப் பிதுக்கக் கூடாது. பல வாரங்களாகக் கரையாத கட்டியைக் கண் மருத்துவர் உணர்விழப்பு ஊசி போட்டுச் சிறு அறுவையால் அகற்றுவார். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கட்டி தோன்றினால், குறிப்பாக முதியோருக்கு, திசுப் பரிசோதனை தேவை.

ஒவ்வாமை: குளிர்ந்த நீர் ஒத்தடம், ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரை அல்லது சொட்டு மருந்து பயன்படும். ஒவ்வாமை தரும் பொருளை விலக்குவதே நிலையான தீர்வு. நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல் இருப்பின் அட்ரினலின் ஊசி உடனடியாகத் தேவைப்படும். எனலாபிரில் வகை மாத்திரையால் வீங்கியது என ஐயுற்றால், அடுத்த மாத்திரையை உட்கொள்வதற்கு முன் அன்றே மருத்துவரைக் கண்டு மாற்று மாத்திரை பெறவும்.

விழிவெண்படல அழற்சி: வைரசினால் வருவது பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தானே குணமாகும். தனித்துண்டு, கைகழுவுதல் ஆகியன பரவலைத் தடுக்கும்.

இமைத்தோல் தொற்று, கண்குழித் தொற்று: முன்னதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரைகள் போதுமானவையாக இருக்கலாம். பின்னதற்கு மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியே மருந்து செலுத்த வேண்டும். சீழ் கட்டியிருப்பின் அறுவை சிகிச்சை தேவைப்படும். கருப்புப் பூஞ்சை நோய்க்குப் பூஞ்சை எதிர்ப்பு ஊசியும் அறுவை சிகிச்சையும் தாமதமின்றி வேண்டும்.

கண்ணீர்க் குழாய் அடைப்பு: குழந்தைகளுக்குக் கண் மூலையை மென்மையாக நீவும் முறையை மருத்துவர் கற்பிப்பார். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அடைப்பு நீங்கிவிடும். பெரியவர்களுக்கு மாற்று வழி அமைக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்: பிரெட்னிசொலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரை பல வாரங்களுக்கு வழங்கப்படும். பெரும்பாலான குழந்தைகள் நான்கு வாரங்களுக்குள் குணம் காண்பர். வீக்கம் வடிந்ததும் பெற்றோர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும். இந்நோய் மீண்டும் வரும் இயல்புடையது. ஆகவே வீட்டிலேயே பட்டைச் சோதனையால் சிறுநீர்ப் புரதத்தைப் பார்த்துக் குறித்து வருமாறு மருத்துவர் கூறுவார். உணவில் உப்பைக் குறைக்கவும். இக்காலத்தில் தடுப்பூசி எதையும் மருத்துவரைக் கேட்டே போடவும்.

வேதிக்காயம், வெடிக்காயம்: மருத்துவமனையில் கண்ணின் காரத்தன்மை இயல்புக்கு வரும் வரை தொடர்ந்து கழுவப்படும். துகள்கள் நுண்ணோக்கியின் உதவியுடன் அகற்றப்படும். கிழிந்த விழிக்கோளம் தைக்கப்படும். டெட்டனஸ் தடுப்பூசி போடப்படும். இமைத்தோல் சுருங்கிக் கண் மூட இயலாமற் போனால் ஒட்டுத்தோல் அறுவை செய்யப்படும். காயம் ஆறிய பின்னும் கண் அழுத்த நோயும் கண்புரையும் பின்னாளில் தோன்றலாம் என்பதால், பார்வை நன்றாக இருப்பினும் தொடர் பரிசோதனைக்கு வர வேண்டும்.

செய்யக்கூடாதவை

- தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு, தேன் முதலியவற்றைக் கண்ணில் விடக் கூடாது. அவற்றில் உள்ள கிருமிகள் கீறல் விழுந்த கருவிழியில் புண்ணை உண்டாக்கும்.
- நாமக்கட்டி, சந்தனம் முதலியவற்றை இமையில் பற்றிட்டால் உலர்ந்த துகள் கண்ணுக்குள் விழும், தவிர்க்கவும்.
- மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைப் பயன்படுத்த வேண்டாம். சிவப்பும் வீக்கமும் விரைவில் குறைவதால் குணமானது போலத் தோன்றும். ஆனால் பூஞ்சைப் புண் இருப்பின் அது ஆழமாகும். நீண்ட நாள் பயன்படுத்தினால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரும்.
- துணி நுனி, நாக்கு, தீக்குச்சி முதலியவற்றால் கண்ணிலுள்ள தூசியை எடுக்க முயல வேண்டாம்.

தடுப்பு முறைகள்

வேலை செய்யும் இடத்தில்: பொடி கையாளும்போது பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணியவும். முகத்தைச் சேலை முந்தானையாலோ தோளில் கிடக்கும் துண்டாலோ துடைக்க வேண்டாம். நாள் முழுதும் பொடி படிந்தது அத்துணியே. அதற்கெனத் தனியே தூய கைக்குட்டை வைத்துக்கொள்ளவும். உணவுக்கு முன்னும் வீடு திரும்பும் முன்னும் கைகளையும் முகத்தையும் சோப்பிட்டுக் கழுவவும். ஒவ்வொரு பணிக்கூடத்தின் அருகிலும் கண் கழுவத் தூய நீர் இருத்தல் வேண்டும்.

வீட்டில்: வேலை உடையுடன் குழந்தைகளைத் தூக்க வேண்டாம், அவ்வுடைகளைத் தனியே துவைக்கவும். சுண்ணாம்பைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். தீபாவளியன்று புஸ்வாணத்தின் மேல் குனிந்து பார்த்தல், வெடிக்காத பட்டாசை மீண்டும் பற்ற வைத்தல், மறுநாள் குழந்தைகள் அவற்றைப் பொறுக்குதல் ஆகியவற்றைத் தடுக்கவும். சிரங்குக்கு உடனே சிகிச்சை பெறுதல் சிறுநீரக அழற்சிக்கான வாய்ப்பைக் குறைக்கும்.

எங்கு சிகிச்சை பெறலாம்

முதல் நிலைப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சிறுநீர்ச் சோதனை ஆகியவற்றுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காய சிகிச்சைப் பிரிவு உள்ளது. 2022-இல் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் கண், குழந்தை நலம் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுகள் உள்ளன. காப்பீடு பெற்ற தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் சிவகாசியிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கவும்.

வேலையின்போது நேர்ந்த காயமெனில் நாள், நேரம், இடம், பட்ட பொருள் ஆகியன மருத்துவப் பதிவில் இடம்பெறுவதை உறுதி செய்துகொள்ளவும். பின்னர் இழப்பீடு கோரும்போது அப்பதிவே சான்றாக அமையும்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

குழந்தைக்குக் காலையில் கண் வீங்குகிறது, மாலையில் வடிந்துவிடுகிறது. காத்திருக்கலாமா?
காத்திருக்க வேண்டாம். மாலையில் வடிவது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. சிறுநீரக நோயின் வீக்கமும் அவ்வாறே நடந்துகொள்ளும். இரண்டு நாள்கள் தொடர்ந்து அவ்வாறு இருப்பின் சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்த அழுத்தச் சோதனையும் செய்துகொள்ளவும்.

கண்ணில் பொடி பட்டது, கழுவியதும் சரியாகிவிட்டது. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவரிடம் செல்ல வேண்டுமா?
உறுத்தல், சிவப்பு, கண்கூச்சம், மங்கல் ஆகியவற்றில் ஒன்றேனும் எஞ்சியிருப்பின் அன்றே செல்ல வேண்டும். பட்டது சுண்ணாம்பு, அமிலம் போன்ற அரிக்கும் பொருளாயினும், பட்டது இன்னதென்று தெரியாவிடினும், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலியை மறுநாள் ஈட்டலாம். கருவிழியில் விழுந்த தழும்பு எளிதில் நீங்காது.

ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்து வீட்டிலேயே சோதிக்கலாமா?
ஆம். சுவரிலுள்ள நாட்காட்டியின் எண்களை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே படித்துப் பார்க்கவும். வீங்கிய கண்ணால் முன்போல் படிக்க இயலவில்லையெனில், உடனே மருத்துவரிடம் செல்ல அதுவே போதிய காரணமாகும்.